கை எப்படியோ, செடி அப்படி

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளைப் பிரித்து அடுக்கும்போது ஒரே சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: கைராசி. "எனக்குக் கைராசி இல்லை, எந்தச் செடி வைத்தாலும் பட்டுப்போகிறது" என்று 11 பேர் எழுதியிருக்கிறார்கள். நான் 16 வருடம் ஒரு நாற்றுப்பண்ணையில் விற்பனை மேசையில் நின்றவள். செத்த செடியைத் தொட்டியோடு திருப்பிக் கொண்டுவருவார்கள். அதை வாங்கிக் கவிழ்த்து, வேரை உதறிப் பார்ப்பது என் வேலை. ராசி கெட்ட கை என்று ஒன்றை அந்த 16 வருடத்தில் நான் பார்க்கவே இல்லை. தினமும் ஊற்றுகிற கை, தாகமே எடுக்காத செடியை வாங்கிப் போயிருக்கும். மறந்துபோகிற கை, ஒரு நாள் காய்ந்தாலே கருகிவிடும் செடியை வாங்கிப் போயிருக்கும். அவ்வளவுதான். ஆகவே இந்த இதழில் தண்ணீர் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*

கேள்வி: காலையில் எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் எனக்கு அந்த நாளே தொடங்கும். இதுவரை 2 கற்றாழை, 1 ஸ்நேக் பிளான்ட், 1 ஜேட் வைத்தேன். எல்லாமே அடித்தண்டு கூழாகிச் செத்துவிட்டன. 'தண்ணீரைக் குறை' என்கிறார்கள், என்னால் முடியவில்லை. செடி வளர்ப்பதையே விட்டுவிடவா? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: விடாதீர்கள் அம்மா. தண்ணீரையும் குறைக்க வேண்டாம். செடியை மாற்றுங்கள்.

அந்த நான்கும் ஏன் போயின என்று முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் மனது ஆறும். வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்னச் சந்துகளில் காற்று நிற்கும். அதிலிருந்துதான் வேர் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. தினமும் ஊற்றினால் அந்தச் சந்துகளை விட்டுத் தண்ணீர் விலகுவதே இல்லை. மூச்சு முட்டிய வேர்நுனிகள் முதலில் சாகும். பித்தியம், ஃபைட்டோப்தோரா போன்ற, ஈரத்தில் பெருகும் நுண்ணுயிர்கள் அங்கே புகுந்து மிச்சத்தையும் அழுக வைக்கும். நீங்கள் வைத்த நான்குமே இலையில் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொண்டு வறட்சியைத் தாண்டுகிற இனங்கள். உங்கள் காலை நேரத்து அன்பை ஏற்றுக்கொள்ள அவற்றின் உடம்பில் வழியில்லை.

என் அம்மாவுக்கும் உங்கள் கைதான். நான் பண்ணையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஜேட் செடிகள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாகப் போன பிறகு, ஒரு அம்ப்ரெல்லா பாம் கொண்டுவந்தேன். பெயரில்தான் பனை, உண்மையில் அது கோரை இனம். நீண்ட பச்சைத் தண்டின் உச்சியில் இலைகள் குடைக்கம்பி போல விரிந்து நிற்கும். பழைய எகிப்தில் எழுதுவதற்குப் பயன்பட்ட பாப்பிரஸுக்கு நெருங்கிய சொந்தம். ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் நீர்க்கரைகளில் சேற்றில் கால் வைத்து வளர்வது. தண்டுக்குள் காற்றுக் குழல்கள் ஓடுகின்றன. மண்ணில் காற்று இல்லாவிட்டாலும் மேலிருந்து வேருக்குக் காற்று இறங்கிவிடும். தொட்டியின் கீழே ஆழமான தட்டு வைத்து, அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி விட்டால் அதற்கு அதுவே சொர்க்கம். அம்மாவிடம் அந்தச் செடி 9 வருடம் இருந்தது. கடைசி 2 வருடம் அம்மாவுக்கு நினைவு தப்பிக்கொண்டே இருந்தது. ஊற்றியதை மறந்து ஒரே காலையில் மூன்று முறைகூட ஊற்றுவார். செடி இன்னும் உயரமாகத்தான் வளர்ந்தது. வேறு எந்தச் செடி அங்கே இருந்திருந்தாலும், அந்த இரண்டு வருடமும் நான் பூவாளியை ஒளித்து வைக்க வேண்டியிருந்திருக்கும். அம்மாவின் கையிலிருந்து அதை வாங்கி வைக்க எனக்கு மனம் வந்திருக்காது.

உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். நல்ல வெளிச்சமான ஜன்னலோரம் வேண்டும். தட்டில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒரு முறை முழுவதும் கொட்டிக் கழுவிவிட்டுப் புதிதாக விடுங்கள், கொசு முட்டை பொரித்து வளர இடம் கொடுக்காதீர்கள். செடி பெருகினால், தண்டின் உச்சியைக் கொஞ்சம் காம்போடு வெட்டி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, தலைகீழாக ஒரு கிண்ணத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். சில வாரங்களில் குடையின் நடுவிலிருந்து வேரும் குருத்தும் வரும். என் அம்மா அப்படிக் கொடுத்த குழந்தைச் செடிகள் எத்தனை வீட்டில் இருக்கின்றன என்று எனக்கே கணக்குத் தெரியாது.

இன்னொரு செடியும் வேண்டுமென்றால், மணி பிளான்ட் அல்லது சிங்கோனியத்தின் கொடியைக் கணுவுக்குக் கீழே வெட்டி, மண்ணே இல்லாமல் கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் வையுங்கள். தண்ணீரிலேயே விட்ட வேர் தண்ணீரில் வாழப் பழகிவிடும். அதிகம் ஊற்றிவிடுவோமோ என்ற பயமே அங்கு கிடையாது. காலையில் கை பரபரத்தால் குடுவையின் தண்ணீரை மாற்றுங்கள்.

*

கேள்வி: மருத்துவமனையில் வேலை, மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. சில சமயம் 3 வாரம்கூடச் செடிப் பக்கம் திரும்பாமல் போய்விடுகிறது. அறையில் ஒரே ஒரு ஜன்னல், நேர் வெயில் வராது. பச்சையாக ஏதாவது ஒன்று கண்ணில் பட வேண்டும் என்று ஆசை. (செவிலியர்)

பதில்: உங்களுக்காகவே ஒரு செடி இருக்கிறது. இசட் இசட் பிளான்ட். முழுப் பெயர் ஜாமியோகல்காஸ் ஜாமிஃபோலியா. கென்யாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு வரை, மழை சில மாதமும் வறட்சி பல மாதமும் உள்ள நிலத்துச் செடி. மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போலக் கிழங்கு வைத்து அதில் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். தடித்த இலைக்காம்பின் அடியிலும் சேமிப்பு உண்டு. இலை மெழுகு பூசியது போலப் பளபளக்கும், அதனால் ஈரம் எளிதில் வெளியேறாது. ரொம்பவும் காய்ந்துபோனால் சிற்றிலைகளை உதிர்த்துவிட்டுக் கிழங்கை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும்; தண்ணீர் கிடைத்ததும் மறுபடி குருத்து விடும். 1990-களின் பிற்பகுதியில் நெதர்லாந்து நாற்றுப்பண்ணைகள் இதைப் பெரிய அளவில் பெருக்கத் தொடங்கிய பிறகுதான் உலகம் முழுக்க வீடுகளுக்குள் வந்தது.

நீங்கள் 3 வாரம் மறந்தால் அதற்கு நல்லது. 4 வாரம் ஆனாலும் பரவாயில்லை. உங்கள் அறையில் வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்தால் செடி வளர்வதும் குறையும், தண்ணீர் குடிப்பதும் குறையும். இதைப் பலர் யோசிப்பதில்லை. அதே செடி, அதே தொட்டி, ஜன்னலோரத்தில் 10 நாளில் காயும் மண், அறையின் மூலையில் 25 நாளுக்குப் பிறகும் ஈரமாக இருக்கும். அதனால் ஒரு விடுமுறை நாளில் பாசம் பொங்கி வந்து, நான்கு நாள் தொடர்ந்து ஊற்றிவிடாதீர்கள். அந்த இனத்தை நான் வேரோடு உதறிப் பார்த்ததெல்லாம் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவைதான்: கிழங்கு கையில் எடுத்தால் விரல் உள்ளே போகும்.

ஸ்நேக் பிளான்டும் உங்களுக்கு ஒத்துவரும். அது பகலில் இலைத்துளைகளை மூடி வைத்துக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில்தான் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்ளும். அதனால் மிகக் குறைவான தண்ணீரே ஆவியாகிறது. உங்களைப் போலவே அதுவும் இரவுப் பணிதான். தாவரவியலார் அதை இப்போது சான்சிவேரியா என்ற பழைய இனத்திலிருந்து டிரசீனாவுக்கு மாற்றிவிட்டார்கள். கடையில் இரண்டு பெயரும் காதில் விழுந்தால் குழம்ப வேண்டாம்.

ஊற்றும் நாளில் அரைகுறையாக ஊற்றாதீர்கள். தொட்டியின் துளை வழியே வடிகிற வரை ஊற்றி, தட்டில் நின்றதைக் கொட்டிவிட்டு, அப்புறம் நிம்மதியாக மறந்துவிடுங்கள்.

*

கேள்வி: என் பீஸ் லில்லி அடிக்கடி தலையைத் தொங்கப் போடும். தண்ணீர் விட்டதும் எழுந்துவிடும். ஆனால் 10 நாளாக ஊற்றிக்கொண்டே இருக்கிறேன், எழவே இல்லை. இன்னும் எவ்வளவு ஊற்றுவது? (கல்லூரி மாணவர்)

பதில்: இன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு சொட்டு வேண்டாம்.

செடி துவள்வதற்கு இரண்டு காரணம் உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஒன்று, மண்ணில் தண்ணீர் இல்லை. இன்னொன்று, மண்ணில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அதை உறிஞ்ச வேர் இல்லை. உங்களுடையது இப்போது இரண்டாவது என்று நினைக்கிறேன். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்து செடி மட்டும் துவண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பழைய துணியோ தாளோ விரித்து, செடியை மெதுவாகத் தொட்டியிலிருந்து உருவுங்கள். நல்ல வேர் வெண்மையாகவோ வெளிர்மஞ்சளாகவோ, தொட்டால் விறைப்பாக இருக்கும். கெட்ட வேர் பழுப்பாக, வழவழப்பாக இருக்கும். இழுத்தால் மேல்தோல் மட்டும் கழன்று கையோடு வரும், உள்ளே நூல் போல நரம்பு நிற்கும். மோந்து பாருங்கள், சாக்கடை நாற்றம் அடிக்கும். அதையெல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். மிஞ்சிய வேருக்குப் பொருத்தமான சின்னத் தொட்டியில், புது மண் கலவையில் வையுங்கள். பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண் அத்தனையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபடியும் அதே கதையைத் தொடங்கும். மூன்றில் ஒரு பங்கு வேர் நன்றாக இருந்தாலும் பிழைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இது உங்களுக்கு ஏற்ற செடிதானா என்றால், ஆமாம். சொன்னால் மட்டும் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல செடி கிடையாது. தாகம் எடுத்தால் இலை தொங்கும், ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிரும். ஆனால் முழுவதும் சரிகிற வரை ஒவ்வொரு முறையும் விட்டுவைத்தால் நுனி காயும், பழைய இலை மஞ்சளாகும். இலை லேசாகப் பளபளப்பு குறைந்து சோர்வது போலத் தெரிகிற அந்தக் கட்டத்தை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

நான் பழகியவர்களுக்குத் தராசு வைக்கச் சொல்வேன். என் பீஸ் லில்லி இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி ஊற்றி வடிந்த பிறகு 1,450 கிராம்; ஊற்ற வேண்டிய நாளில் 900-க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு மாதம் எடை போட்டுப் பார்த்தேன். இப்போது தராசு தேவையில்லை, கையில் தூக்கினாலே தெரிகிறது. 'ஊற்று, வேண்டாம்' என்று தொட்டியே சொல்லிவிடும்.

*

கேள்வி: தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் எவ்வளவு ஊற்றினாலும் வேர் அழுகாதாமே?

பதில்: நிறையப் பேர் நம்புகிறார்கள், ஆனால் நடப்பது வேறு. பொடியான மண்ணிலிருந்து பெரிய சந்துகள் உள்ள கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலே, மண்ணின் அடிப்பகுதியில் ஓர் ஈரப் பட்டை நின்றுவிடும். கல் இல்லாவிட்டால் அந்தப் பட்டை தொட்டியின் அடியில் நிற்கும்; கல் போட்டால் மேலே ஏறி வேருக்குக் கிட்டத்தில் வந்துவிடும். ஒரு ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடித்து, சொட்டுவது நின்றதும் செங்குத்தாகத் திருப்பிப் பாருங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும். மண்ணின் உயரம் கூடினால் வடிவது கூடும். ஆகவே கல்லுக்கு விடும் இடத்தையும் மண்ணுக்கே கொடுங்கள், அந்த மண்ணில் பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் கல்துகளோ கரடுமுரடான மணலோ கலந்து பொலபொலவென்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். துளையில்லாத அழகுத் தொட்டி, கை நிறைய ஊற்றுகிறவர்களுக்கு ஆகவே ஆகாது.

*

கேள்வி: மூன்று வாரம் மறந்துவிடுகிறேன். அப்புறம் செடியைப் பார்த்து மனது கஷ்டப்பட்டு, வாளி வாளியாக ஊற்றுகிறேன். தண்ணீரெல்லாம் அப்படியே கீழே ஓடிவிடுகிறது. செடியும் பிழைக்கவில்லை. அதிகம் ஊற்றியதால் செத்ததா, குறைவாக ஊற்றியதால் செத்ததா?

பதில்: வாளி வாளியாக ஊற்றியும் தாகத்தில்தான் செத்திருக்கிறது. எனக்கு வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான்.

கடைகளில் செடி வரும் தொட்டிகளில் பெரும்பாலும் பீட் (சதுப்பு நிலத்தில் பாதி மக்கிய பாசி) அல்லது தேங்காய் நார்த்தூள் கலந்த கலவைதான் இருக்கும். அது நன்றாகக் காய்ந்தால் சுருங்கி, தொட்டியின் சுவரை விட்டு விலகிவிடும். பீட் காய்ந்துவிட்டால் தண்ணீரைத் தள்ளவும் செய்யும். நீங்கள் ஊற்றுவது அந்த இடுக்கு வழியே கீழே ஓடித் தட்டை நிரப்புகிறது. நடுவில் இருக்கும் வேர்க்கட்டி உலர்ந்தபடியே இருக்கிறது. அடுத்த முறை மறதிக்குப் பிறகு மேலிருந்து ஊற்றாதீர்கள். அகலமான பாத்திரத்தில் தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் வைத்து, தொட்டியை அதில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அடித்துளை வழியே தண்ணீர் மெல்ல ஏறி, மேல்மண் கருத்து ஈரமாகும். எடுத்து வடிய விட்டு, பழைய இடத்தில் வையுங்கள். அன்றைக்கு அது போதும். மறுநாளும் மூன்றாம் நாளும் போய் ஊற்றுவதுதான் கெடுதல். ஒரு தடவையில் எவ்வளவு ஊற்றினோம் என்பது, வடிகிற தொட்டியில் பெரிய விஷயமே அல்ல, மிச்சம் வடிந்துவிடும். எத்தனை நாள் இடைவெளி விட்டோம் என்பதுதான் வேருக்குக் கணக்கு.

உங்கள் கைக்கு எது? ஸ்பைடர் பிளான்ட். தென்னாப்பிரிக்கா பக்கத்துச் செடி, வேரிலேயே வெள்ளைக் கிழங்குகள் போலத் தடித்து நீர் சேர்த்துக்கொள்ளும். மூன்று வாரம் காய்ந்தால் இலை மங்கி மடங்கும், குளித்தெழுந்தால் திரும்பிவிடும். நுனி பழுப்பானால் பயப்பட வேண்டாம். தண்ணீரில் உள்ள ஃபுளோரைடும் உப்பும் அதற்குக் கொஞ்சம் ஒவ்வாது, அவ்வளவுதான். மணி பிளான்டும் தாங்கும்.

நீங்கள் தொடவே கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். மெய்டன்ஹேர் ஃபெர்ன் என்று மெல்லிய கறுப்புக் காம்பும் விசிறி இலையும் கொண்ட பெரணி இருக்கிறது. அதைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஒருமுறை முழுவதும் காய்ந்தால் அந்த இலைகள் திரும்பாது. கலத்தியாவும் உங்களுக்கு வேண்டாம். ஃபிட்டோனியா காய்ந்ததும் மயங்கி விழும், சீக்கிரம் ஊற்றினால் எழும், ஆனால் மூன்று வாரம் காத்திருக்காது. இவையெல்லாம் தினமும் வந்து தொட்டுப் பார்க்கிற கைக்கானவை. மேலே எழுதிய ஆசிரியையின் வீட்டில், ஈரக்காற்றுள்ள மூலையில், ஒரு பெரணி நன்றாக வாழும்.

*

கேள்வி: நானும் கணவரும் இருவருமே ஊற்றிவிடுகிறோம். 'நீ ஊற்றினாயா' என்று கேட்க மறந்துவிடுகிறது. ரப்பர் செடி மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. கறுப்புக் கொசு போலச் சின்னப் பூச்சிகளும் பறக்கின்றன.

பதில்: அந்தப் பூச்சிகள் மேல்மண் ஈரமாகவே இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஃபங்கஸ் நாட் என்பார்கள். அதன் புழுக்கள் மண்ணின் மேல் 2, 3 சென்டிமீட்டருக்குள்தான் பெரும்பாலும் வாழும். மருந்து தேட வேண்டாம், மேல்மண்ணை நன்றாகக் காயவிட்டாலே பெருக்கம் அடங்கும்.

இரண்டு கை ஒரு செடிக்கு ஊற்றும் வீடுகளில் நான் ஒரு மரக்குச்சியைத் தொட்டியில் குத்தி வைக்கச் சொல்வேன். பூச்சு இல்லாத சாதாரணக் குச்சி, தொட்டியின் பாதி ஆழம் வரை. ஊற்றப் போகிறவர் முதலில் குச்சியை உருவிப் பார்க்கட்டும். நுனி கருத்து, தொட்டால் ஜில்லென்று, மண் ஒட்டியிருந்தால் திருப்பிக் குத்திவிட்டுப் போய்விட வேண்டும். வெளிறிக் காய்ந்து வந்தால் ஊற்றலாம். யார் கடைசியாக ஊற்றியது என்ற கேள்வியே அப்போது எழாது. ரப்பர் செடிக்கு மண்ணின் மேல்பாதி காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

அதைவிடவும் நான் விரும்புவது, ஆளுக்கொரு செடி. அவருடையதை நீங்கள் தொடாதீர்கள், உங்களுடையதை அவர் தொடாமல் இருக்கட்டும். ஒரே வீட்டில் இரண்டு பேருடைய கையும் ஒரே மாதிரி இருப்பது அரிது. இரண்டு செடியையும் அதற்கேற்ப வேறு வேறாக எடுக்கலாம்.

*

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்கு நேரம். ஞாயிறு தவறாமல் ஊற்றுவேன், மற்ற நாளில் தொடமாட்டேன். எல்லாச் செடிக்கும் இது சரிப்படுமா?

பதில்: உங்களைப் போல ஒழுங்கானவர்கள் கிடைத்தால் நாற்றுப்பண்ணைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஏழு நாள் இடைவெளி பெரும்பாலான இலைச்செடிகளுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும்: மணி பிளான்ட், ஃபிலோடென்ட்ரான், டிரசீனா (ஸ்நேக் பிளான்ட் இதில் சேராது), ஸ்பைடர் பிளான்ட். ஆனால் செடிக்கு ஞாயிறு எது, புதன் எது என்று தெரியாது. வெளிச்சமும் வெப்பமும் கூடிய மாதங்களில் ஏழு நாள் அதிகமாக இருக்கும், மந்தமான மாதங்களில் குறைவாக இருக்கும்.

உங்கள் நாளை மாற்றாமல் தொட்டியை மாற்றி இதைச் சமாளிக்கலாம். மெருகிடாத மண் தொட்டியின் சுவர் வழியே ஈரம் வெளியேறும், சீக்கிரம் காயும். பிளாஸ்டிக்கிலும் மெருகிட்ட பீங்கானிலும் ஈரம் தங்கும். வியாழனே வாடுகிற செடியைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றுங்கள். அடுத்த ஞாயிறும் ஈரமாகவே இருப்பதை மண் தொட்டிக்கு மாற்றுங்கள். ஞாயிறு பூவாளியைத் தூக்குவதற்கு முன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அந்தச் செடிக்கு அந்த வாரம் விடுமுறை.

*

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது, எதையும் கடிக்கும். எனக்கு மறதியும் அதிகம்.

பதில்: இசட் இசட், மணி பிளான்ட், பீஸ் லில்லி, சிங்கோனியம் எல்லாமே ஒரே குடும்பம், இலையில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் இருக்கும், கடித்தால் வாயெல்லாம் எரியும். ஸ்நேக் பிளான்டும் பூனைக்கு வயிற்றைக் கெடுக்கும். உங்களுக்கு ஸ்பைடர் பிளான்ட், இல்லையென்றால் ஹோயா. ஹோயாவின் இலை தடித்தது, மறதியைத் தாங்கும், பூனைக்கும் நஞ்சில்லை. ஸ்பைடர் பிளான்டைப் பூனை நார் நாராகக் கிழிக்கும், அதனால் உயரத்தில் தொங்க விடுங்கள்.

*

கேள்வி: இதுவரை ஒரு செடிகூட வளர்த்ததில்லை. என் கை எப்படிப்பட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? முதல் செடியே செத்துவிட்டால் மனது விட்டுப்போகும் என்று பயமாக இருக்கிறது. (புதிதாகத் தனிக்குடித்தனம் வந்தவர்)

பதில்: பண்ணையில் நிற்கும்போது முதல் செடி வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் "எப்படித் தண்ணீர் விடுவீர்கள்?" என்று கேட்பேன். எல்லோரும் "நன்றாகப் பார்த்துக்கொள்வேன்" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு செடியைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் சிலரிடம் செடி விற்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஒரு தொட்டி மண்ணோடு.

நீங்களும் அதைச் செய்யுங்கள். துளையுள்ள ஒரு தொட்டி, ஒரு சாண் அகலம் போதும். மண் கலவை நிரப்பி, எங்கே செடி வைக்க ஆசைப்படுகிறீர்களோ அதே இடத்தில் வையுங்கள். உள்ளே ஒரு செடி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தோன்றும்போது ஊற்றுங்கள், தோன்றாதபோது விடுங்கள். நல்ல பிள்ளையாக நடந்துகொள்ள முயற்சி செய்யாதீர்கள். ஊற்றிய நாளைப் பக்கத்துச் சுவர் நாள்காட்டியில் ஒரு புள்ளி வைத்துக் குறியுங்கள். 3 வாரம்.

செடி இல்லாத மண் கொஞ்சம் மெதுவாகக் காயும், உறிஞ்ச வேர் இல்லையே. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, 22-ஆம் நாள் புள்ளிகளை எண்ணுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டு, அடி வரை ஈரமா, நடுவில் மட்டும் ஈரமா, தூளாகக் கொட்டுகிறதா என்று பாருங்கள். தொட்டியிலிருந்து ஜன்னல் எத்தனை அடி தூரம், வெயில் உள்ளே எத்தனை மணி நேரம் விழுகிறது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். என்ன செடி வாங்குவது என்று அடுத்த இதழில் பெயரோடு சொல்கிறேன்.